ஆல்ஃபா 0.86 வந்துவிட்டது, போதுமா? உளவியல் அளவுகோல்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மேடம், பதற்றத்தை அளக்க 20 கேள்விகள் தயாரித்தேன். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.86. ஏற்புடைமை (அளக்க நினைத்ததையே அளக்கிறது என்பது) உறுதியானது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். ஆல்ஃபா சொல்வது நம்பகத்தன்மையை, அதாவது மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்பதை மட்டும்தான், அதுவும் கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தை அளக்கின்றன என்று நாமே எடுத்துக்கொண்டு போடும் கணக்கு. ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்துக் கேள்விகள் பதற்றம் பற்றியவை, மீதிப் பத்து அதோடு துளியும் சம்பந்தமில்லாதவை என்று வையுங்கள். ஒவ்வொரு பத்துக்குள்ளும் ஒட்டுறவு (இரண்டு பதில்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, முழுமையானால் 1) 0.5, இரண்டு பத்துக்கும் நடுவில் பூஜ்யம். 20 கேள்விகளில் அமையும் 190 ஜோடிகளின் சராசரி ஒட்டுறவு ஏறக்குறைய 0.24 வரும், அதை வைத்து ஆல்ஃபா போட்டால் 0.86! உங்களுக்கு வந்த அதே எண். நீங்கள் அளந்தது ஒன்றா இரண்டா என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது.

கேள்வி: அப்படியானால், பதில்களுக்குப் பின்னால் எத்தனை பொதுக் காரணிகள் இருக்கின்றன என்று தேடும் காரணிப் பகுப்பாய்வு? ஐகன் மதிப்பு (ஒரு காரணி எவ்வளவு வேறுபாட்டை விளக்குகிறது என்ற எண்) 1-க்கு மேல் ஐந்து காரணிகள் வந்தன.

பதில்: 1-க்கு மேல் உள்ளவற்றை வைத்துக்கொள்ளும் அந்த விதி பெரும்பாலும் கூடுதலான காரணிகளைக் காட்டும். 1965-இல் ஹார்ன் சொன்ன இணைப் பகுப்பாய்வு செய்யுங்கள்: அதே அளவில் தற்செயல் எண்களை உருவாக்கி, அவற்றின் ஐகன் மதிப்பைத் தாண்டும் காரணிகளை மட்டும் வைத்துக்கொள்வது. அப்புறம், கிடைத்த காரணி அமைப்பு சரிதானா என்று பார்க்கும் உறுதிப்படுத்தும் பகுப்பாய்வுக்கு வேறு ஆட்களின் தரவு வேண்டும். கிடைத்த அமைப்பை அதே தரவில் சரிபார்த்தால் அது சரிபார்ப்பே இல்லை.

கேள்வி: என் பதற்ற அளவுகோலுக்கும் மனச்சோர்வு அளவுகோலுக்கும் ஒட்டுறவு 0.75. நல்லதுதானே?

பதில்: எனக்குக் கவலையாக இருக்கிறது. உதாரணத்துக்கு இரண்டு அளவுகோல்களின் நம்பகத்தன்மை 0.85, 0.80 என்றால், அளவீட்டுப் பிழையால் குறைந்துபோன ஒட்டுறவைச் சரிசெய்ய ஸ்பியர்மன் 1904-இல் தந்த திருத்தப்படி 0.75-ஐ √(0.85 × 0.80) ஆல் வகுக்க வேண்டும். 0.91 வருகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பொருளைத்தான் அளக்கின்றன என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? இரண்டுமே தாமாக நிரப்பும் படிவங்கள் என்பதாலும் ஒட்டுறவு ஏறியிருக்கலாம். கேம்பலும் ஃபிஸ்கும் 1959-இலேயே இதற்கு வழி சொன்னார்கள்: ஒவ்வொரு பண்பையும் குறைந்தது இரண்டு முறைகளில் அளந்து, எல்லா ஒட்டுறவுகளையும் ஒரே அட்டவணையில் பாருங்கள். படிவத்தோடு, நெருங்கிப் பழகுபவர் தரும் மதிப்பீட்டையும் சேர்க்கலாம்.

கேள்வி: ஆண், பெண் சராசரிகளை ஒப்பிடலாமா?

பதில்: அளவீட்டு மாறாமையை, அதாவது அளவுகோல் இரு பாலருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்பதைப் பார்த்த பிறகு ஒப்பிடலாம். காரணிச் சுமைகள் (ஒவ்வொரு கேள்வியும் காரணியோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பவை) மட்டும் சமமாக இருந்தால் போதாது, வெட்டுத்துண்டுகளும் (காரணியின் அளவு பூஜ்யமாக இருக்கும்போது ஒரு கேள்விக்கு எதிர்பார்க்கும் பதில்) சமமாக இருக்க வேண்டும். “எனக்கு அடிக்கடி அழுகை வருகிறது” என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு பதற்றம் உள்ள ஆணும் பெண்ணும் இதற்கு ஒரே பதிலைத் தருவார்களா? தராவிட்டால் உங்கள் சராசரி வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்த ஒரு கேள்வியால் வந்தது.