மனசோடு மல்லுக்கட்டாதீர்கள்: வாசகர் கேள்வி–பதில்

குழந்தை பிறந்து 3 மாதம் ஆகிறது. காய் நறுக்கும்போது, 'இந்தக் கத்தியால் குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ' என்று பளிச்சென்று ஓர் எண்ணம் வருகிறது. உடம்பே நடுங்கிவிடுகிறது. கத்திகளையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன். வெளியே சொல்லவும் பயம். நான் கெட்டவளா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இல்லை. கெட்ட எண்ணம் உள்ளவருக்கு அந்த எண்ணத்தைக் கண்டு உடம்பு நடுங்காது. கைக்குழந்தை உள்ள தாய்மார்களில் பெரும்பாலோருக்குக் குழந்தைக்கு ஆபத்து நேர்வது போன்ற எண்ணங்கள் வந்துபோகின்றன. தானே காயப்படுத்திவிடுவது போன்ற எண்ணம் வருபவர்களும் கணிசமாக உண்டு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ராக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் 1978-லேயே இதைப் பார்த்துச் சொன்னார்கள்: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) உள்ளவர்களுக்கு வரும் விபரீத எண்ணங்களும் சாதாரண ஆட்களுக்கு வருபவையும் உள்ளடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். எத்தனை முறை வருகிறது, எவ்வளவு உலுக்குகிறது என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள் விஷயத்தில் தவறு நடந்த இடம் பரண். கத்தியை ஒளித்துவைத்த அன்றே, 'அப்படியானால் ஆபத்து நிஜம்தான்' என்று மனசு குறித்துக்கொண்டுவிட்டது. அதனால் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. கணவரிடம் 'நான் அப்படிச் செய்வேனா?' என்று தினமும் கேட்பதும் இதே வேலையைத்தான் செய்யும். அவர் சொல்லும் 'மாட்டாய்' அரை மணி நேரம் தாங்கும், பிறகு மறுபடி கேட்கத் தோன்றும்.

எனவே கத்திகளைக் கீழே இறக்குங்கள், ஆனால் படிப்படியாக. முதல் இரண்டு நாள் ஒரு கத்தி மேஜையில் கண்ணில் படும்படி இருக்கட்டும். அடுத்து, குழந்தை பக்கத்து அறையில் தூங்கும்போது நறுக்குங்கள். பிறகு அதே அறையில், தொட்டிலில் குழந்தை இருக்கும்போது. எண்ணம் வந்தால், 'அந்த எண்ணம் வந்திருக்கிறது' என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லிவிட்டு நறுக்குவதைத் தொடருங்கள். விரட்டவும் வேண்டாம், அதோடு வாதாடவும் வேண்டாம். படபடப்பு எப்போது அடங்கும் என்று காத்திருக்காதீர்கள். படபடப்போடேயே ஒரு கேரட்டை நறுக்கி முடிக்க முடிகிறது என்பது மனசுக்குப் புரிந்தால் போதும். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் மனநல ஆலோசகர் துணையோடு செய்யுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் அலட்சியம் கூடாது. அந்த எண்ணம் பயமுறுத்துவதற்குப் பதிலாகச் சரியென்று படத் தொடங்கினாலோ, யாரோ கட்டளையிடுவது போல் குரல் கேட்டாலோ, நாள்கணக்கில் தூங்காமலேயே சோர்வு தெரியாமல் இருந்தாலோ அது வேறு நோய். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. சாகலாம் என்ற எண்ணம் வந்தாலும் அப்படியே, உடனே போங்கள்.

மேலாளர் 'சரி, பார்க்கலாம்' என்றார். அவர் சொன்ன விதம் சரியில்லையோ என்று இரவு 2 மணி வரை யோசிக்கிறேன். நிறுத்த வழி உண்டா?

நிறுத்த வேண்டாம், நேரம் ஒதுக்குங்கள். போர்க்கவெக் என்ற உளவியலாளரின் குழு 1983-ல் சோதித்துப் பார்த்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைக்கென்றே. மாலை 6 மணி நல்லது. படுக்கப் போகும் நேரத்தை ஒட்டி வேண்டாம், படுக்கையில் வேண்டவே வேண்டாம். பகலில் கவலை தலைகாட்டினால் ஒரு வரி மட்டும் குறித்துவைத்து 6 மணிக்குத் தள்ளிப்போடுங்கள்.

6 மணிக்குத் தாளை எடுத்து ஒவ்வொரு வரியிலும் உள்ள 'ஏன்' என்ற கேள்வியை அடித்துவிட்டு 'என்ன', 'எப்போது' என்று மாற்றி எழுதுங்கள். 'அவர் ஏன் அப்படிச் சொன்னார்?' என்பதற்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் விடை வராது. 'நாளை 10 மணிக்கு அவரிடம் என்ன கேட்பது?' என்பதற்கு இரண்டு நிமிஷத்தில் வரும். அப்படி மாற்றவே முடியாத வரிகளும் மிஞ்சும். அவற்றை நாளைய 6 மணிக்கு எழுதிவையுங்கள். பாதி வரிகள் மறுநாள் படிக்கும்போதே சப்பென்று இருக்கும்.

பலர் சறுக்குவது எங்கே என்றால், மனசு லேசாக இருக்கும் நாளில் '6 மணி இன்று எதற்கு?' என்று விட்டுவிடுவதில். ஒரு நாள் தவறினால், 'தள்ளிப்போட்டால் உண்மையிலேயே நேரம் கிடைக்கும்' என்ற நம்பிக்கை போய், கவலை பழையபடி நடுராத்திரிக்கே வந்துவிடும். படுத்து 20 நிமிஷம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்பப் படுங்கள். கடிகாரம் பார்க்காதீர்கள்.

கெட்ட எண்ணம் வரும்போதெல்லாம் மணிக்கட்டில் ரப்பர் பேண்டை இழுத்துவிடச் சொல்கிறார்களே?

கை சிவக்கும், அவ்வளவுதான். அதுவும் எண்ணத்தை விரட்டும் வேலைதான், விரட்டினால் அது போகாது. உளவியலாளர் வெக்னர் 1987-ல் வெளியிட்ட சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடி வந்துகொண்டேதான் இருந்தது. பிறகு நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக வந்தது.

கேஸ் அடுப்பை ஆறு, ஏழு தடவை பார்த்தும் சந்தேகம் தீரவில்லை. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், போட்டோ எட்டாவது தடவை பார்ப்பதுதான். 2003-ல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், கணினித் திரையில் கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களுக்கு ஞாபகம் தவறிவிடவில்லை. ஆனால் அது மங்கி, அதன் மேல் இருந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்துபோனது. சந்தேகத்தால் பார்க்கிறோம், பார்ப்பதால் சந்தேகம் கூடுகிறது. அடுப்பின் குமிழைக் கண்ணால் பார்த்து ஒரே ஒரு தடவை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஏழிலிருந்து ஒன்றுக்கு ஒரே நாளில் வர முடியாவிட்டால் இந்த வாரம் நான்கு, அடுத்த வாரம் இரண்டு.

இப்படிச் சரிபார்ப்பதும் யோசிப்பதும் சேர்ந்து தினமும் 1 மணி நேரத்துக்கு மேல் தின்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பயப்படும் விஷயத்தை எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் ஆகும். மாத்திரை கொடுத்தால், ஓசிடி நோய்க்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.