உபுண்டுவில் வைஃபை வரவில்லையா? முதலில் கார்டின் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காகப் பொள்ளாச்சியில் பழைய எச்பி லேப்டாப் ஒன்று வாங்கினோம். பள்ளியில் இருப்பது போலவே இருக்கட்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் உபுண்டு 22.04 என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை. செட்டிங்ஸில் ‘நோ வைஃபை அடாப்டர் ஃபவுண்ட்’ என்று வருகிறது. லேன் கேபிள் செருகும் இடமும் உடைந்திருக்கிறது. யூடியூப் பார்த்து ஏதேதோ கமாண்ட் அடித்தோம், பலனில்லை. உள்ளே இருப்பது பிராட்காம் கார்டு என்கிறார்கள். ‘லினக்ஸ்ல இதுக்கு வைஃபை வராது, விண்டோஸ் போட்டுக்குங்க’ என்கிறார் கடைக்காரர். அப்படியே செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கார்டு பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் இன்னும் கணினிக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் விண்டோஸ் போட்டுத்தான் கொடுப்பார்கள். கேரளப் பள்ளிகளில் கதை வேறு. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தன் சொந்த லினக்ஸையே பள்ளிகளுக்குத் தருகிறது. ஐசிடி (கணினி) பாடப்புத்தகம் தமிழிலும் வருகிறது, அதில் உள்ள பயிற்சிகள் லினக்ஸில் செய்வதற்கென்று எழுதப்பட்டவை. உங்கள் மகள் பத்தாம் வகுப்பில் ஐடி செய்முறைத் தேர்வு எழுதப்போவதும் அதில்தான். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே திரை இருப்பது பிள்ளைக்குப் பெரிய பலம். ஒரு வைஃபை கார்டுக்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

லினக்ஸில் வைஃபை வராததற்கு மூன்று காரணங்கள் உண்டு. வைஃபை அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் போயிருக்கலாம். அல்லது கார்டைப் பேசவைக்கும் டிரைவரே இல்லாதிருக்கலாம். வெளியே பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், மருந்துதான் வேறு. யூடியூபில் பார்த்து அடித்த கமாண்டுகள் பலிக்காததற்குக் காரணம் இதுதான். காய்ச்சல் என்றதும் எதனால் என்று பார்க்காமல் பக்கத்து வீட்டு மாத்திரையை விழுங்கினால் தீராது.

முதல் காரணத்தைச் சோதிப்பது சுலபம். கமாண்ட் அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். வைஃபைக்கு நேராக ‘சாஃப்ட் பிளாக்டு: யெஸ்’ என்று இருந்தால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ என்று அடித்ததும் சரியாகிவிடும். ‘ஹார்டு பிளாக்டு: யெஸ்’ என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள சுவிட்சோ, ஆன்டெனா படம் போட்ட ஃபங்ஷன் விசையோ அணைந்திருக்கிறது. உங்களுக்கு அந்தப் பட்டியலில் வைஃபை என்ற வரியே வராது என்று நினைக்கிறேன். ‘அடாப்டர் ஃபவுண்ட்’ ஆகவில்லை என்று செட்டிங்ஸே சொல்லிவிட்டதால் இது டிரைவர் விஷயம்.

இனி கார்டின் எண். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே ஒரு அடியும் வைக்காதீர்கள். ‘எல்எஸ்பிசிஐ’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு ஹைஃபனும் அதை ஒட்டி ‘என்என்கே’ என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து என்டர் தட்டுங்கள். நீளமாக ஒரு பட்டியல் ஓடும். ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும்: பிராட்காம் என்றால் 14இ4, இன்டெல் என்றால் 8086, ரியல்டெக் என்றால் 10இசி, அதெரோஸ் என்றால் 168சி (‘இ’, ‘சி’ என்பவை திரையில் ஆங்கில எழுத்துகளாக வரும்). இரண்டாவது எண் எந்த சிப் என்பதைச் சொல்லும். லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் பெயரை நம்ப வேண்டாம். ஒரே மாடலில் இரண்டு மூன்று விதமான கார்டுகளைப் போட்டு விற்பது வழக்கம்.

அதே இடத்தில் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் கார்டு தெரிகிறது, ஆனால் அதை எந்த டிரைவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

உங்கள் கார்டு 14இ4:4365 என்று வந்தால் அது பிசிஎம்43142. அந்தக் கால எச்பி, டெல் லேப்டாப்புகளில் அடிக்கடி பார்க்கிற சிப் இது, லினக்ஸில் அதிகம் படுத்துவதும் இதுதான். பிராட்காமில் எல்லா சிப்பும் அப்படி இல்லை. 14இ4:4727 என்று வந்தால் பிசிஎம்4313. பிராட்காமே 2010இல் திறந்த மூலமாக வெளியிட்ட டிரைவரின் வழிவந்தது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருப்பதால் அது பெரும்பாலும் தானாகவே ஓடும். 14இ4:4315 என்றால் பிசிஎம்4312, அதற்கு பி43 என்ற டிரைவரும் தனியாக ஒரு ஃபர்ம்வேரும் வேண்டும். 43142க்கு இந்தத் திறந்த டிரைவர்கள் எதுவும் பொருந்தாது. பிராட்காமின் மூடிய டிரைவரான டபிள்யூஎல் ஒன்றுதான் வழி. இணையத்தில் பிராட்காம் என்றாலே பி43 ஃபர்ம்வேரைப் போடச் சொல்லும் ஆலோசனைகள் ஏராளம். நீங்கள் பின்பற்றியதும் அப்படி ஒன்றாக இருந்தால் ஏன் நடக்கவில்லை என்பது இப்போது புரியும்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கலுக்கு உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். சார்ஜர் கேபிளால் போனை லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் ‘யுஎஸ்பி டெதரிங்’கை இயக்குங்கள். கேபிள் செருகிய பிறகுதான் அந்தத் தேர்வு உயிர்பெறும். சில மலிவுக் கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவல் கடத்தாது. தேர்வு மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். உபுண்டு இதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். போன் உங்கள் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணையமே கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வரும், மொபைல் டேட்டா செலவாகாது.

இணையம் வந்ததும் ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ திறந்து ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். சற்றுத் தேடியபின் பிராட்காம் எஸ்டிஏ டிரைவர் என்று ஒரு வரி வரும், மேலே சொன்ன டபிள்யூஎல்தான் அது. அதைத் தேர்ந்தெடுத்து ‘அப்ளை சேஞ்சஸ்’ கொடுங்கள். டிரைவரை உங்கள் கணினியிலேயே கட்டித் தரும் கம்பைலரும் சேர்ந்து இறங்குவதால் கொஞ்சம் நேரம் பிடிக்கும், இடையில் கேபிளை உருவிவிடாதீர்கள். பக்கம் வெறுமையாக இருந்தால் அதே ஜன்னலின் முதல் பக்கத்தில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று முடியும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினல்தான் வசதி என்றால் நிறுவ வேண்டிய பேக்கேஜின் பெயர் ‘பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்’.

இங்கேதான் பலர் தவறவிடும் ஓர் இடம் வருகிறது, நிதானமாகப் படியுங்கள். லேப்டாப்பில் செக்யூர் பூட் (சான்று இல்லாத டிரைவரை ஏறவிடாத காவல்) இயங்கிக்கொண்டிருந்தால், நிறுவும்போதே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். எளிய ஒன்றை வைத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அது ஒரே ஒரு தடவைதான் தேவைப்படும். அப்புறம் ரீஸ்டார்ட் செய்ததும் நீல நிறத் திரை ஒன்று வரும். ஏதாவது விசையைத் தட்டச் சொல்லிச் சில விநாடிகள்தான் காத்திருக்கும், பேசாமல் இருந்தால் தானே கடந்துபோய்விடும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி, ‘என்ரோல் எம்ஓகே’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’ என்று வரிசையாகப் போய், அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து, ‘ரீபூட்’ செய்யுங்கள். உங்கள் கணினியில் உருவாக்கப்பட்ட அந்த டிரைவருக்கு நீங்களே சான்று கொடுக்கும் வேலை இது. நீலத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் ஏறாது. ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று பிழைச் செய்தி வந்தால் அதற்கு இதுதான் காரணம். பேக்கேஜை நீக்கி மறுபடி நிறுவினால் அந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்கும். கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம் என்பாரும் உண்டு. வேலை நடக்கும்தான். ஆனாலும் பிள்ளை பயன்படுத்தும் கணினியில் அந்தக் காவலை எடுக்காமல் இருப்பதே எனக்குப் பிடித்த வழி.

இத்தனையும் முடித்து வைஃபை வந்துவிட்டது என்று வையுங்கள். உங்கள் போனில் வீட்டு மோடத்தின் இரண்டு பெயர்கள் தெரியும், லேப்டாப்பில் ஒன்றுதான் தெரியும். பயப்பட வேண்டாம். 43142 சிப் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும், 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்குப் படாது. கே-ஃபோனோ பிஎஸ்என்எல் ஃபைபரோ, மோடத்தில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் இயக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் இந்தப் பழைய கார்டு இணையாது, டபிள்யூபிஏ2 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து வரக்கூடிய ஒரு தொல்லையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு முறை கெர்னல் புதுப்பிக்கப்படும்போதும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைப் புதிதாகக் கட்டித் தர வேண்டும். பிராட்காம் கடைசியாக இதைப் புதுப்பித்தது 2015இல். அதன் பிறகு வந்த கெர்னல்களுக்கு ஏற்ப உபுண்டு, டெபியன்காரர்கள்தான் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். ஆகவே ஒருநாள் அப்டேட் முடிந்ததும் வைஃபை காணாமல் போகலாம். அப்போது எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவாதீர்கள். லேப்டாப்பை இயக்கும்போது எஸ்கேப் விசையை ஓரிரு முறை தட்டினால் கிரப் என்ற தொடக்க மெனு வரும். மிகப் பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை இருக்கும். பிறகு புதிய கெர்னலுக்கான ஹெடர்ஸ் பேக்கேஜ் (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் விடுபட்டிருப்பது அதுதான்.

இதே போன்ற தொல்லையோடு எழுதும் மற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ கார்டுக்கு லினக்ஸ் 5.9 கெர்னலில், அதாவது 2020இல்தான் உள்ளேயே டிரைவர் வந்தது. பள்ளியில் கிடைத்த பழைய உபுண்டு 18.04 டிவிடியைப் புதிய லேப்டாப்பில் போட்டால் அது தெரியாமல் போவதில் வியப்பில்லை. டிரைவர் தேடி அலைவதை விட 22.04க்கு மாறுவது நல்லது, 18.04க்கான வழக்கமான ஆதரவும் 2023இல் முடிந்துவிட்டது. ஆர்டிஎல்8723பிஇ கார்டு வேறு விதம்: வைஃபை வரும், ஆனால் மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும். கார்டில் ஆன்டெனா செருக இரண்டு முனைகள் இருக்க, ஒன்றில் மட்டும் கம்பியை மாட்டியிருப்பார்கள். டிரைவர் மற்றதில் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த டிரைவருக்கு ‘ஏஎன்டி அண்டர்ஸ்கோர் செல்’ என்று ஓர் அமைப்பு உண்டு. அதற்கு 1 அல்லது 2 கொடுத்துப் பார்த்து, சிக்னல் ஏறுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், இந்த டபிள்யூஎல் டிரைவரோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம் என்று தோன்றினால், ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிவிடலாம். உண்மையில் எனக்கு அதுதான் நிம்மதியான வழியாகப் படுகிறது. அதெரோஸ் ஏஆர்9271 அல்லது மீடியாடெக் எம்டி7601யு சிப் உள்ளதாகப் பாருங்கள், இரண்டுக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. பெட்டியில் உள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டிபி-லிங்க் 722என் என்ற பிரபலமான டாங்கிளில் முதல் வெர்ஷன் அதெரோஸ், இரண்டாவது வெர்ஷனிலிருந்து ரியல்டெக். பெயர் ஒன்றுதான், உள்ளே சரக்கு வேறு. லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டையே கழற்றி இன்டெல் கார்டு போடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் பயாஸ் ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எச்பியின் பழைய மாடல்கள் பலவற்றில் அனுமதிப் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் கணினி பூட் ஆகவே மறுக்கும்.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால், ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ வரியையும் அதற்குக் கீழுள்ள இரண்டு மூன்று வரிகளையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ என்று அடித்தால் வருவதையும் சேர்த்து அனுப்பினால் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.