நெப்ராஸ்காவில் பார்க்க ஒன்றுமே இல்லையா?

சிகாகோவிலிருந்து டென்வருக்குக் காரில் செல்லவிருக்கும் நீங்கள், வழியில் வரும் நெப்ராஸ்காவை இரவோடு இரவாகக் கடந்துவிடலாமா, அங்கே மக்காச்சோளத்தை விட்டால் வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் தலைநகரான லிங்கனில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தட்டையான மாநிலம் என்ற பெயர் அதற்கு நிலத்தால் வந்ததைவிடச் சாலையால் வந்ததே அதிகம். 19-ஆம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிப் போன கூண்டு வண்டிகளும், அவற்றுக்குப் பின் வந்த யூனியன் பசிபிக் ரயில் பாதையும், இன்றைய 80-ஆம் எண் நெடுஞ்சாலையும், மேடு பள்ளம் குறைந்த வழி என்பதாலேயே பிளாட் ஆற்றுப் படுகையைப் பிடித்துக்கொண்டன. அதில் மட்டும் பயணம் செய்கிறவர் ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டு மாநிலத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்.

உண்மையில் தென்கிழக்கு மூலையில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 840 அடியில் இருக்கும் நிலம், மேற்கு எல்லையில் 5,400 அடியைத் தாண்டிவிடுகிறது. உயரம் கூடக்கூட மழை குறைகிறது. கிழக்கே ஆண்டுக்கு 30 அங்குலத்துக்கு மேல் பெய்யும் மழை, மேற்கே ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நான் பார்க்கச் சொல்வது வடக்கிலும் மேற்கிலும் விரிந்து கிடக்கும் மணற்குன்றுகளை. மாநிலத்தின் நாலில் ஒரு பங்கு, சுமார் 50,000 சதுர கிலோமீட்டர், புல் போர்த்திய மணல் மேடுகள். சில 400 அடி உயரம் வரை எழும்புகின்றன. புல்லின் வேர்தான் அந்த மணலைக் கட்டிவைத்திருக்கிறது. ஓரிடத்தில் புல் பெயர்ந்தால் காற்று அங்கே குடைந்து பெரும் குழியாக்கிவிடும் என்பதால், பண்ணைக்காரர்கள் அத்தகைய குழிகளில் பழைய டயர்களைப் போட்டு வைத்திருப்பதைக் காணலாம். மழை நீரை மணல் அப்படியே உறிஞ்சி ஒகலாலா நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கு அனுப்புகிறது. மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த இடங்களில் அதே நீர் ஏரிகளாக மேலே தெரிகிறது. உழவுக்கு உதவாத இந்த நிலத்தில், குடியேறுவோருக்கு அரசு அதுவரை வழங்கிவந்த 160 ஏக்கரை வைத்துப் பிழைக்க முடியாது என்று கண்டு, 1904-இல் குடும்பத்துக்கு 640 ஏக்கர் வழங்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். பலருக்கு அதுவும் போதவில்லை. இன்று அங்கே மாடு மேய்ப்புதான் எல்லாம்.

மக்களின் அரசியல் பொதுவாகப் பழைமைவாதம் சார்ந்தது. ஆனாலும் மின் விநியோகத்தைத் தனியாரிடம் விடாமல், முழுவதையும் பொது அமைப்புகளிடமும் கூட்டுறவுகளிடமும் வைத்திருப்பவர்கள் இவர்கள். 1937 முதல் கட்சிச் சின்னமின்றித் தேர்ந்தெடுக்கப்படும் ஒரே அவையைக் கொண்டு சட்டமன்றத்தை நடத்துகிறவர்களும் இவர்களே. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இந்த இரண்டும் கிடையாது. வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

மார்ச் மாதத்தில் போவதானால் கியர்னி அருகே ஓர் இரவு தங்குங்கள். வடக்கே பறந்து போகும் வழியில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொக்குகள், பகலில் அறுவடையில் சிந்திய மக்காச்சோளத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு, இரவில் ஓநாய் போன்ற கயோட்டிகளுக்குத் தப்பிப் பிளாட் ஆற்றின் ஆழமில்லாத நீரில் நின்றபடியே உறங்கும்.

மற்ற மாதங்களில், கிராண்ட் ஐலண்டில் நெடுஞ்சாலையை விட்டு விலகி 2-ஆம் எண் மாநிலச் சாலையில் அலையன்ஸ் வரை சென்று, அங்கிருந்து தெற்கே டென்வருக்குத் திரும்பலாம். பயணம் சில மணி நேரம் நீளும். புரோக்கன் போ ஊரிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் ஊர்கள் மிகச் சிறியவை, ஒன்றுக்கொன்று தொலைவானவை.