லாரியிலிருந்து வந்த போன்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து குதிரையேற்றம். கிண்டி ரேஸில் ஓடி முடித்த குதிரை ஒன்றை மூன்று வருடத்துக்கு முன் வாங்கி, ஈ.சி.ஆர். பக்கம் ஒரு லாயத்தில் விட்டிருக்கிறோம். ஈவென்டிங் என்றால் அவளுக்கு உயிர். சொன்னபடி குதிரையை நடக்கவைக்கும் டிரெஸ்ஸாஜ், வெட்டவெளியில் தடை தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி, மைதானத்தில் கம்பு தாண்டும் ஷோ ஜம்பிங், மூன்றும் சேர்ந்த போட்டி அது. போட்டிகள் பெரும்பாலும் வெளியூரில்தான். முதல் நாள் ராத்திரியே குதிரையை, அதைப் பார்த்துக்கொள்ளும் சைஸோடு (லாயக்காரர்) லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவோம். நாங்கள் மறுநாள் காலை ரயிலில் போவோம். போன மாதம் பெங்களூரு போட்டிக்குப் போனபோது, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து ராத்திரி மூன்று மணிக்கு சைஸ் போன் பண்ணி எழுப்பிவிட்டார். குதிரையின் முன்னங்கால் சூடாக இருக்கிறதாம். அவர் எப்போதும் இப்படித்தான், சின்ன விஷயத்துக்கும் பயந்துவிடுவார். வண்டியை நிறுத்தாமல் போய்ச் சேருங்கள் என்றேன். மகள் மூன்றாம் இடம் வாங்கினாள். ஊர் திரும்பியதும் குதிரை ஒரு வாரம் நொண்டியது. இப்போது சரியாகிவிட்டது. அடுத்த மாதம் டெல்லியில் ஜூனியர் போட்டி.

பிரச்சினை என் கணவர். வங்கியில் இருக்கிறார். பிளஸ் டூ முடிந்ததும் மகளை ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு அவர் பெயரில் செங்கல்பட்டில் இருக்கும் மனையை விற்கவேண்டும். கையெழுத்துப் போட மறுக்கிறார். "ஒரு வருஷம் எல்லாம் நிற்கட்டும்" என்கிறார். அவரும் எப்போதும் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் பயம். மகளின் கனவுக்கு அப்பாவே குறுக்கே நிற்பது நியாயமா? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அவரைச் சம்மதிக்க வைக்க நான் வழி சொல்லப் போவதில்லை அம்மா. பிள்ளைக்குத் திறமை, அப்பா முட்டுக்கட்டை, விற்க ஒரு மனை. இந்தக் கடிதம் கிரிக்கெட்டின் பேரிலும் அரங்கேற்றத்தின் பேரிலும் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. மனையை அப்புறம் பார்க்கலாம். அந்த மூன்று மணி போனை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

அந்த நேரத்தில் உங்கள் சைஸ் என்ன செய்திருப்பார் என்று யோசித்தீர்களா? லாரிக்குள் இருட்டில், ஐந்நூறு கிலோ எடையுள்ள மிருகத்தின் காலடியில் குனிந்து, பயணத்துக்காகச் சுற்றிய கட்டை அவிழ்த்துக் கைவைத்துப் பார்த்திருக்கிறார். கட்டுக்குள் எந்தக் காலும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். இரண்டு கால்களையும் தடவி, ஒன்றைவிட மற்றொன்று சூடு என்று கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். பிறகு, தூங்கும் முதலாளியம்மாவை எழுப்பலாமா, திட்டு விழுமா என்று அரை மணி நேரமாவது தயங்கியிருப்பார். அப்புறம்தான் போன் செய்திருப்பார். அந்த மனிதரைத்தான் பயந்தாங்கொள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். நீண்ட கடிதம், அதில் அவருக்கு ஒரு பெயர்கூட இல்லை.

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பும் அதன் பின்னால் ஓடும் தசைநாணும்தான். அந்தத் தசைநாண் கிணற்றுக் கயிறு மாதிரி. முதலில் உள்ளே ஒன்றிரண்டு இழைகள்தான் அறும், வெளியே ஒன்றும் தெரியாது. தொட்டால் சூடு, கொஞ்சம் தடிப்பு. அந்தக் கட்டத்தில் குதிரை நொண்டவே வேண்டும் என்பதில்லை. போட்டிக்கு முன் கால்நடை மருத்துவர் நேராக ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையிலும் தப்பிவிடலாம். "டாக்டரே சரி என்றாரே" என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள் என்பதால் இதை முன்கூட்டியே சொல்கிறேன். அதற்கு முன் வலி தெரியாமலிருக்க யாராவது ஊசி போட்டார்களா என்பதையும் விசாரியுங்கள். போட்டிருந்தால் அது விதியை மீறிய செயல். வலி என்பது அந்த வாயில்லா ஜீவனுக்கு இருக்கும் ஒரே பேச்சு. அதையும் அடைத்ததாக ஆகும்.

"ஒரு வாரம் நொண்டியது, இப்போது சரியாகிவிட்டது" என்கிறீர்கள். நொண்டல் சில நாளில் போய்விடும். தசைநாண் காயப்பட்டிருந்தால் ஆற மாதக்கணக்காகும், பல குதிரைகளுக்கு ஒரு வருடம்கூடப் பிடிக்கும். நடை சரியாகிவிட்டதே என்று நம்பி மறுபடி ஓடவிடும்போதுதான் மிச்சமும் அறுந்துபோகிறது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த என் தம்பி, ரேஸ் குதிரைகளைப் பற்றி இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவன். உங்கள் குதிரையும் ரேஸில் ஓடிய குதிரைதான். உங்களிடம் வரும்போதே அதன் கால்களில் பழைய கணக்கு ஏதாவது பாக்கி இருந்திருக்கலாம்.

சரி, குதிரையை விடுங்கள். உங்கள் வயிற்றில் பிறந்தவளைப் பற்றிப் பேசலாம். ஷோ ஜம்பிங்கில் குதிரையின் கால் பட்டால் கம்பு கீழே விழும், தண்டப் புள்ளி போடுவார்கள், அவ்வளவுதான். கிராஸ் கன்ட்ரியில் இருப்பது மரத்தடியும் திண்டும். தட்டினால் அவை பெரும்பாலும் விழாது, குதிரைதான் விழும். தாண்டி இறங்கும் கணத்தில் முழுப் பாரத்தையும் முதலில் ஒரே ஒரு முன்னங்கால் வாங்குகிறது. அந்தக் கால் தவறினால், அல்லது தாண்டும்போது முன்கால்கள் மரத்தில் மாட்டினால், குதிரை தலைகீழாகப் புரண்டு ஓட்டுபவர் மேலேயே விழக்கூடும். 1999-இல் பிரிட்டனில் மட்டும் ஒரே பருவத்தில் ஐந்து ஈவென்டிங் வீரர்கள் செத்துப்போனார்கள். பலமாக அடிபட்டால் தடை சரிந்து கொடுக்கும்படியான ஆணிகளை வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அத்தனை பெரிய நாட்டில், அத்தனை வசதியோடு நடந்த கதை இது.

2021 ஆகஸ்ட்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெங்களூருப் பையன் ஃபவாத் மிர்சா கிராஸ் கன்ட்ரி ஓட்டியதை உங்கள் மகள் பலமுறை பார்த்திருப்பாள். கடைசியில் 23-ஆம் இடம் வாங்கினார், ஊரே பெருமைப்பட்டது. அதே நாள், அதே பாதையில் ஓடிய ஜெட் செட் என்ற சுவிட்சர்லாந்துக் குதிரைக்குக் காலில் தசைநார் அறுந்தது. காப்பாற்ற வழியில்லாமல் கருணைக்கொலை செய்தார்கள். அங்கே யாரும் எச்சரிக்கையை அலட்சியப்படுத்தவில்லை. உலகத்தரமான மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தும் அது நடந்தது. உங்களுக்கோ சூடு தெரிந்த அன்றே எச்சரிக்கை வீடு தேடி வந்தது. நீங்கள் போனை வைத்துவிட்டுத் தூங்கினீர்கள்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகளைக் கேளுங்கள். குதிரைப்படை அதிகாரிகளுக்கு வைத்த சோதனை இது. 1912-இல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது ராணுவ அதிகாரிகள் மட்டுமே கலந்துகொண்டார்கள். டிரெஸ்ஸாஜில் பணிவு, கிராஸ் கன்ட்ரியில் துணிச்சல். கடைசியாக வரும் ஷோ ஜம்பிங் எதற்கு? அவ்வளவு ஓடிக் களைத்த பிறகும் குதிரை வேலைக்கு லாயக்காக இருக்கிறதா, அதன்மேல் உட்கார்ந்திருப்பவன் அதை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டானா என்று சோதிக்கத்தான். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் இதில் தங்கம் வாங்கிய ரகுபீர் சிங்கும் ராணுவக்காரர்தான். குதிரையைப் பராமரிப்பதும் இந்தப் போட்டியின் ஒரு பகுதி. உங்கள் வீட்டில் அந்தப் பகுதியைச் சம்பளத்துக்கு விட்டுவிட்டு, மேலே ஏறி உட்காருவதை மட்டும் மகளுக்கு வைத்துக்கொண்டீர்கள்.

இதில் நான் பழைய மனுஷிதான். சேணம் போட்டு வைத்த குதிரையில் வந்து ஏறி, இறங்கியதும் கடிவாளத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் பிள்ளை, எத்தனை கோப்பை வாங்கினாலும் எனக்கு வளர்ப்பு சரியில்லாத பிள்ளை. லத்தி அள்ளட்டும். கொள்ளு ஊறவைக்கட்டும். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யட்டும். தினமும் காலையிலும் மாலையிலும் நாலு கால்களையும் தன் கையால் தடவிப் பார்க்கட்டும். பிளஸ் டூ படிப்பு இருக்கிறதே என்றால், ஏறி ஓட்டும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். தடவிப் பார்க்கும் நேரத்தைக் குறைக்கக்கூடாது.

பயணத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து பெங்களூரு சுமார் 350 கிலோமீட்டர். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் குதிரை நாலு காலையும் ஊன்றிச் சமாளித்துக்கொண்டே நிற்கிறது. நீங்கள் ரயிலில் காபி குடித்துக்கொண்டு போகும்போது அது ராத்திரி முழுக்க வேலை செய்து முடித்திருக்கிறது. தலையை உயரத் தூக்கிக் கட்டிவிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வரும். மணிக்கணக்கில் தாழ்த்த முடியாவிட்டால் கிருமி நுரையீரலுக்கு இறங்கிக் காய்ச்சல் வரும், உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தண்ணீர் காட்டித் தலையைத் தொங்கப்போட விடவேண்டும். நீங்கள் "நிறுத்தாதே" என்று உத்தரவு போட்டது இந்தப் பயணத்தில்தான். டெல்லி 2,000 கிலோமீட்டருக்கும் மேலே. லாரியில் நாலைந்து நாள் ஆகும். சூடு கண்ட காலோடு!

டெல்லிக்குப் போகக்கூடாது. இதில் பேச்சே இல்லை. கட்டிய பணம் போனால் போகட்டும்.

இப்போது ஜெர்மனி. மனையை விற்றாலும் இந்தக் குதிரை ஜெர்மனிக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும்தானே? நோய்த் தடுப்பு விதிகளால் இந்தியக் குதிரைகள் அங்கே போவது பெரும்பாடு. அதனால்தான் மிர்சா போன்றவர்கள் ஐரோப்பாவிலேயே இருக்கும் குதிரைகளில் பழகிப் போட்டிக்குப் போகிறார்கள். 2025-இல் மீரட்டில் ராணுவக் கால்நடைப் பிரிவின் வளாகத்தை நோயற்ற பகுதியாக உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரித்தது நல்ல செய்திதான், ஆனால் ஈ.சி.ஆர். லாயத்தில் நிற்கும் குதிரைக்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆக, மகள் விமானம் ஏறிய பிறகு, கால் பழுதான ஒரு குதிரையும் பெயர் எழுதப்படாத ஒரு சைஸும் இங்கே மிஞ்சுவார்கள். அவர்களை என்ன செய்வதாக உத்தேசம்? இவ்வளவு பெரிய திட்டத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரையை ஒருமுறை காப்பாற்றிக் கூட்டிவந்தவர் நீங்கள். மறுபடி அதைக் கை மாற்றிவிட்டால், யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். கொண்டுவந்து கட்டியவர்கள்தான் கடைசிவரை தீனி போடவேண்டும். வயதான பெற்றவர்கள் விஷயத்தில் நான் எழுதுவதைத்தான் இதற்கும் எழுதுகிறேன், வித்தியாசம் பார்க்கத் தெரியவில்லை.

உங்கள் கணவரைப் பற்றி இரண்டு வரி. சைஸைப் பற்றி என்ன எழுதினீர்களோ, அதே வாக்கியத்தை அவருக்கும் எழுதியிருக்கிறீர்கள்: எப்போதும் இப்படித்தான், எதற்கும் பயம். குதிரையேறத் தெரியாத அந்த வங்கிக்காரர் "ஒரு வருஷம் எல்லாம் நிற்கட்டும்" என்கிறார். அந்தக் காலுக்குக் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுக்கப்போவதும் அநேகமாக அதைத்தான். அவர் எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்லவில்லை. பெண் பிள்ளை வெளிநாடு போகக்கூடாது என்பது அவர் மனதில் இருந்தால், அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், அவரையும் திட்டுகிறேன். ஆனால் உங்கள் வீட்டில் யார் 'நில்லுங்கள்' என்றாலும் அவர்களுக்குப் பயந்தவர் பட்டம் கிடைக்கிறது. மகளும் இதைப் பார்த்துத்தான் வளர்கிறாள். நாளைக்கு ஒரு தடைக்கு முன்னால் குதிரையே தயங்கி நிற்கும். அப்போது அவள் சாட்டையை எடுப்பாளா, இறங்கிக் காலைப் பார்ப்பாளா?

இந்த வாரமே குதிரைகளைப் பார்க்கும் மருத்துவரை வரவழைத்து இரண்டு முன்னங்கால்களையும் ஸ்கேன் எடுங்கள். மகள் பக்கத்தில் நிற்கட்டும். கணவரும் வரட்டும். சைஸை அழைத்து, அன்று ராத்திரி என்ன பார்த்தார் என்பதை மருத்துவரிடம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். போன் செய்ததற்கு நன்றி சொல்லுங்கள். அவர் ராத்திரிப் பயணத்துக்குத் தனியாக என்ன கொடுக்கிறீர்கள், லாரியில் அவர் படுக்க இடம் உண்டா, அவருக்கு இன்சூரன்ஸ் உண்டா என்பதையெல்லாம் உங்கள் வங்கிக்காரர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும். அவருக்குத் தெரிந்த வேலை. இனி குதிரை எப்போது பயணம் போனாலும், குடும்பத்தில் ஒருவர் லாரிக்குப் பின்னால் காரில் போகவேண்டும், மகளையும் கூட்டிக்கொண்டு. வண்டியை எங்கே, எத்தனை முறை நிறுத்துவது என்பதைச் சைஸ் முடிவு செய்யட்டும்.

ஸ்கேன் முடிவு வந்ததும் எழுதுங்கள். மனை விவகாரத்தை அப்போது பேசிக்கொள்ளலாம். எழுதும்போது சைஸின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.