கேஷ் நம்முடைய காசுதானா? கேள்வி பதில்

ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ‘கேஷ்’ என்ற ஒரே சொல்லைப் பற்றியவை. சரி, இன்று அதை மட்டுமே பார்த்துவிடலாம்.

கேள்வி: ஐயா, ஆங்கிலக் ‘கேஷ்’ நம் ‘காசு’விலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, வந்த வழிதான் வேறு. நல்ல அகராதிகள் இரண்டையும் தனித்தனியாகவே பதிவு செய்கின்றன. ஏடிஎம்மில் எடுக்கிறோமே, அந்தக் கேஷ் நம்முடையது அல்ல. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தை வெள்ளைக்காரர்கள் ‘கேஷ்’ என்றார்களே, அது நம்முடையதுதான். பகிரப்படும் செய்தி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

கேள்வி: அப்படியென்றால் ஏடிஎம் கேஷ் எங்கிருந்து வந்தது?

பதில்: பெட்டியிலிருந்து. லத்தீனில் ‘கப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கேஸ்’ என்று ஆனது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது வணிகரின் பணப்பெட்டியையும் குறித்தது, அதில் இருந்த பணத்தையும் குறித்தது. பிறகு பெட்டி என்ற பொருள் மறைந்து, பணம் மட்டும் நின்றுவிட்டது. நாமும் ‘கல்லாவில் எவ்வளவு இருக்கிறது?’ என்றுதானே கேட்கிறோம்? பிரெஞ்சில் இன்றும் கடையில் பணம் கட்டும் இடத்துக்கு அந்தப் பழைய பெயர்தான். காப்சூலும், நாம் பாட்டு கேட்ட கேசட்டும் இதே குடும்பம். இரண்டுக்கும் நேர்ப்பொருள் சின்னப் பெட்டி.

கேள்வி: கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் நம் சொல்லைக் கேட்டு லண்டனுக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாதா?

பதில்: காலம் ஒத்துவரவில்லை. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில், கடன் பாக்கியைக் கேட்பவனிடம் ‘கேஷாகவே தருகிறேன்’ என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது. நாடகம் எழுதப்பட்டது 1599 வாக்கில். கம்பெனிக்கு அரசப் பட்டயம் கிடைத்ததே 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். அவர்கள் சென்னையில் கால் வைத்தது 1639இல். கம்பெனி பிறக்கும் முன்பே லண்டன் நாடக மேடையில் புழங்கிய சொல்லைக் கம்பெனி எப்படிக் கொண்டுபோயிருக்க முடியும்?

கேள்வி: சீன நாணயத்துக்குத் தமிழ்ப் பெயர் எப்படிப் போனது? நம்பவே முடியவில்லை.

பதில்: எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். வேலையைச் செய்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். நம் கடற்கரையில் ‘காசு’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் கிழக்கே போன இடங்களில் பார்த்த மலிவான செப்புக்காசுகளுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். சீனர்கள் தங்கள் நாணயத்தை ‘வென்’ என்றார்கள், கேஷ் என்று சொன்னதே இல்லை. ஆனால் வெளியுலகத்துக்கு, நடுவில் சதுர ஓட்டை போட்ட அந்த நாணயம் கேஷ் ஆகிவிட்டது.

லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் கோவாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஒரு பயண நூல் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1598இல் வந்தது. சுந்தா பகுதியில், அதாவது மேற்கு ஜாவாவில், ‘காய்ஷா’ என்ற செப்புக்காசு ஓடுகிறது, நடுவில் ஓட்டை இருக்கும், ஒரு கயிற்றில் இருநூறோ ஆயிரமோ கோத்து வைப்பார்கள் என்று அதில் இருக்கிறது. இங்கே ஒரு வேடிக்கை: போர்ச்சுகீசில் ‘காய்ஷா’ என்றால் பெட்டி! நம் காசு அவர்கள் வாயில் நுழைந்தபோது, பழகிய பெட்டிச் சொல்லின் சாயலை வாங்கிக்கொண்டது. குழப்பம் அன்றே ஆரம்பித்துவிட்டது, பாவம் வாட்ஸ்அப்பை மட்டும் திட்டிப் பயனில்லை.

கேள்வி: ‘காசு’ தமிழில் எவ்வளவு பழையது? எப்போதும் நாணயம்தானா?

பதில்: குறுந்தொகை 67ஆம் பாட்டில் வருகிறது. கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. பொன் அணிக்குப் புது நூல் கோப்பவர் கூரிய நகத்தில் பிடித்த ‘ஒரு காசு’ போல அது தெரிகிறதாம். இங்கே காசு நகையில் கோக்கும் பொன் உருப்படி, கடையில் நீட்டுகிற நாணயம் அல்ல. காசுமாலை என்று இன்றும் சொல்கிறோமே.

ஏழாம் நூற்றாண்டுக்கு வந்தால் பொருள் தெளிவு. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒரு பொற்காசு கிடைத்ததாகவும், சம்பந்தர் காசை மாற்றும்போது வட்டம் பிடித்ததாகவும் கதை. ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று அவர் பாடியது அதற்குத்தான். வாசி என்றால் இங்கே அந்தக் கழிவு. மாற்றுவிகிதத்தைப் பற்றிக் கடவுளிடமே புகார் கொடுத்திருக்கிறார்!

வடமொழியில் ‘கர்ஷம்’ என்ற எடைப்பெயரோடு காசை இணைப்பவர்களும் உண்டு. அது தனி விவாதம்.

கேள்வி: முந்திரிப்பருப்பை ‘காசுக்கு எட்டு’ என்று கூவி விற்றதால்தான் ‘கேஷ்யூ’ ஆனதாமே?

பதில்: நல்ல நகைச்சுவை. முந்திரி பிரேசிலிலிருந்து வந்த மரம். அங்கே துப்பி மக்கள் வைத்த பெயர் ‘அகாஜு’, போர்ச்சுகீசியர் வாயில் அது ‘காஜு’.

கேள்வி: கஜானாவும் கேஷும் உறவா?

பதில்: இல்லை. கஜானா அரபியிலிருந்து வந்தது.

கேள்வி: கம்பெனி காலத்தில் ஒரு காசுக்கு என்ன மதிப்பு?

பதில்: சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. கணக்குப்பிள்ளைகள் எப்படித்தான் சமாளித்தார்களோ! 1818இல் ரூபாய்க் கணக்கு வந்து இதை ஒழித்தது. திருவிதாங்கூரில் மட்டும் காசு நீண்ட நாள் ஓடியது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய்.

கேள்வி: ‘கேஷ்’ என்று பொறித்த பழைய நாணயம் இப்போது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், அதற்குக் காரணம் ஒரு கப்பல் விபத்து. கம்பெனி சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை அடித்தது. அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளித்தவர்கள் பெரும் குவியலாக வெளியே எடுத்தார்கள். நாணயம் சேகரிப்பவர்களிடம் அவை இன்றும் கைமாறுகின்றன. வாங்கினால் 1808 என்ற ஆண்டும், ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருபது காசின் மறுபக்கத்தில், ‘இருபது காசு நான்கு ஃபலூஸ்’ என்று பாரசீகத்தில் எழுதியிருக்கும். அதில் ‘காஸ்’ என்று இருப்பது நம் சொல்தான்.