எண்ணை போர்ட் செய்யும் முன், அதாவது அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறும் முன், வீட்டில் சிக்னல் எப்படி என்று பார்ப்பது எப்படி?

நிறுவனங்களின் இணையதளத்தில் உள்ள கவரேஜ் வரைபடம் தெருவுக்குத்தான் உதவும். உங்கள் சமையலறைச் சுவர் அதற்குத் தெரியாது. நீங்கள் மாற நினைக்கும் நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரையோ உறவினரையோ போனோடு ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு மாதிரி காட்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் போனால் சிக்னல் அளவு டிபிஎம் (dBm) என்ற அலகில் இருக்கும் (சில போன்களில் இடம் மாறும்). 4ஜியில் -90க்கு அருகில் என்றால் நல்லது. -110ஐத் தாண்டி -115, -120 என்று இறங்கினால் பேச்சு விட்டுவிட்டு வரும். கட்டில் அருகே, கதவைச் சாத்தி, இரவு எட்டு மணிக்கு மேல் பாருங்கள். அளவு நன்றாக இருந்தும் நெட் ஊர்ந்தால் டவரில் கூட்டம் என்று அர்த்தம், அதை எந்த வரைபடமும் காட்டாது. வாசலில் நன்றாக இருந்து உள்ளே செத்துப்போனால், 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசை கான்கிரீட்டில் அடிபடுகிறது. 850, 900 போன்ற தாழ் அலைவரிசை சுவரை ஓரளவு தாண்டும்.

ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்டி (4ஜியிலேயே பேசும் வசதி) இல்லாத பழைய பட்டன் போனுக்கு ஆகாது.

அவசரப்பட்டு போர்ட் கேட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். மாறிவிட்டால் அடுத்த 90 நாள் மறுபடி மாற முடியாது. இரட்டை சிம் போன் இருந்தால் புது சிம் ஒன்று வாங்கி, ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பதே மேல்.