15 பாகை வெயிலும் கறிவேப்பிலைச் சாடியும்

அன்புள்ள அக்கா,

கார்த்திகையிலிருந்து வீட்டுக்குள் நிற்கும் கறிவேப்பிலை அரைவாசி இலையைக் கொட்டிவிட்டது. இந்தக் கிழமை ரொறன்ரோவில் 15 பாகை வந்துவிட்டது, பல்கனிக் கதவைத் திறந்தாலே உயிர் வருகிறது. சாடியை வெளியில் வைக்கலாமா? போன ஏப்ரலில் வைத்து மூன்றே நாளில் இலையெல்லாம் வெளுத்துப்போனது. அவ்வளவு குளிரும் இல்லையே?
ந., ஸ்காபரோ

அன்புள்ள ந.,

கதவைத் திறந்துவிடுங்கள், சாடி மட்டும் உள்ளேயே நிற்கட்டும்.

போன வருடம் இலையை வெளுக்கவைத்தது வெயில்தான். ஏப்ரல் 22ஆம் திகதி மதியச் சூரியன் நிற்கும் உயரமும் ஆகஸ்ட் 20ஆம் திகதி நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. காற்று குளிர்வதால் அது நமக்கு உறைப்பதில்லை. ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் சுடுகிற பகுதியைத் தடுத்துவிடும். அதற்குப் பின்னால் துளிர்த்த இலைக்கு இந்த வெயில் பழக்கமேயில்லை. வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது. ஆனால் கன்று செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் துளிர்க்கும்.

பகலில் 15 என்பதைப் பார்க்காதீர்கள், இரவில் எத்தனை என்று பாருங்கள். இரவு 10 பாகைக்குக் கீழே போவது நிற்கும்வரை கறிவேப்பிலைக்கு வெளியில் வேலையில்லை. ஒன்ராறியோ ஏரி வசந்தத்திலும் குளிர்ந்தே கிடக்கும். பின்னேரம் காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் கரையோர ஸ்காபரோவில் சட்டென்று சில பாகை இறங்கிவிடும். விக்டோரியா தின விடுமுறைக்கு, அதாவது மே 25க்கு முந்திய திங்களுக்கு, இங்கே எல்லோரும் தக்காளி நடுவார்கள். கறிவேப்பிலைக்கு அதற்குமேலும் ஒரு கிழமை பொறுப்பது நல்லது.

அதுவரை கன்றுக்குச் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது. முதலில் குளியல். சாடியைக் குளியல்தொட்டியில் வைத்து, இலையின் அடிப்பக்கம் நனைய இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். ஹீட்டர் காற்றில் சிலந்திப்பேன் பெருகும். மெல்லிய வலையும் இலையில் ஊசிமுனைப் புள்ளிகளும் தெரிந்தால் அதுதான். ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சோப்பு கலந்து, முதலில் ஓர் இலையில் சோதித்து, பிறகு அடிப்பக்கமெல்லாம் தெளித்து, ஒரு மணி நேரத்தில் கழுவிவிடுங்கள். முட்டைகள் இதற்குச் சாகா. ஆறு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது செய்யவேண்டும். பலர் முதல் தடவையோடு விட்டுவிடுவதால்தான் பேன் திரும்பி வருகிறது. தண்டில் பழுப்புச் செதிலும் இலையில் பிசுபிசுப்பும் இருந்தால் அது செதில்பூச்சி. 70 வீத அல்கஹோலில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கைகட்டி நில்லுங்கள். குளிர்காலத்தில் கறிவேப்பிலையைக் கொல்வது பெரும்பாலும் வேரழுகல். விரலை 5 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மொட்டுத் துளிர் கண்ட பிறகே உரம், கத்தரிப்பு, சாடி மாற்றம் எல்லாம். புதுச் சாடி பழையதைவிட 5 சென்ரிமீற்றர் அகலம் கூடினால் போதும். சாடிமண் இரண்டு பங்கு, பேர்லைட் (மண்ணை இலேசாக்கும் வெள்ளைத் துகள்) ஒரு பங்கு. தோட்டத்து மண் சாடிக்குள் இறுகித் தண்ணீரைத் தேக்கிவிடும். மோர் ஊற்றும் ஊர்ப் பழக்கத்தைக் கோடையில் வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஊற்றினால் நாற்றமும் கொசுப்போலச் சிறு பூச்சியும்தான் மிச்சம்.

மே கடைசியில் வெளியே எடுக்கும்போது முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். ஒரு கிழமை கழித்துக் காலை வெயில், இரண்டு கிழமையில் முழு வெயில். பல்கனியின் சீமெந்துத் தரை குளிரும், சாடிக்கடியில் ஒரு பலகை வையுங்கள். ரம்பை (கறிக்கு வாசனைக்குப் போடும் நீள இலைச் செடி) இருந்தால் அது இன்னும் சில நாள் உள்ளே நிற்கட்டும்.

இந்த வெயிலைக் கண்டு கை துறுதுறுத்தால் இன்றைக்கே கொத்தமல்லி போடுங்கள். விதையை இரண்டாக உடைத்து, 1 சென்ரிமீற்றர் ஆழத்தில், நேரே பல்கனிச் சாடியில். இலேசான உறைபனியை அது தாங்கும். ஜூலைச் சூட்டில்தான் பூத்துப்போகும்.